அளந்தறிந்த அழகு

நுழையும்முன்

அழகுக்கு அளவு உண்டா என்னும் வினா பழமையானது. பூவின் சுருளிலும் பனையின் மட்டையிலும் ஓவியத்தின் சட்டத்திலும் ஒரே விகிதம் மறைந்திருப்பதாகப் பலரும் கூறுவர். அக்கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு? வானம் பார்த்த கரிசல் நிலமும் பட்டாசு, அச்சுத் தொழில்களும் இணைந்த விருதுநகர் மாவட்டத்தின் பொருள்களைக் கொண்டே அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பொன் விகிதம் என்பது யாது?

ஒரு கோட்டினை இரண்டாகப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று தனித்தன்மை உடையது. முழுக்கோட்டிற்கும் பெரும்பகுதிக்கும் உள்ள விகிதம், பெரும்பகுதிக்கும் சிறுபகுதிக்கும் உள்ள விகிதத்திற்குச் சமமாக அமையும் பிரிவே அது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், ஏறத்தாழ கி.மு. 300இல் தொகுத்த ‘மூலங்கள்’ என்னும் நூலில் இப்பிரிவை வரையறுத்துள்ளார். ‘பொன்’ என்னும் அடைமொழி அவர் தந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கணித நூல்களின் வழியே அது வழக்கிற்கு வந்தது.

சிறுபகுதியின் நீளம் 1 எனவும் பெரும்பகுதியின் நீளம் ‘ப’ எனவும் கொள்வோமாயின், முழுநீளம் ப + 1 ஆகும். மேற்கண்ட வரையறையின்படி (ப + 1) ÷ ப = ப ÷ 1. இதிலிருந்து ப² = ப + 1 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. இதன் நேர்மதிப்புத் தீர்வு (1 + √5) ÷ 2, அதாவது 1.6180339… என முடிவின்றி நீளும் எண். இரு முழு எண்களின் வகுத்தலாக இதனை எழுத இயலாது. எனவே, இது ஒரு விகிதமுறா எண். இதனைக் கணிதவியலார் ‘ஃபை’ என்னும் கிரேக்க எழுத்தால் குறிப்பர்.

ஓலை முடிச்சில் ஓர் ஐங்கோணம்

இவ்விகிதத்தைக் காணக் கருவிகள் தேவையில்லை. ஒரே அகலமுள்ள பனையோலை நறுக்கு ஒன்று போதும். அதனை ஒரு சாதாரண முடிச்சாக இட்டு, மடிப்புகள் பிசகாமல் மெல்ல இறுக்கித் தட்டையாக்கினால், முடிச்சு ஓர் ஒழுங்கு ஐங்கோணமாக மாறிவிடும். பெட்டியும் கொட்டானும் முடைந்த விரல்களுக்கும், ஓலைவெடி மடித்துக் கட்டிய விரல்களுக்கும் ஓலையின் மடிப்பு புதிதன்று. அம்மடிப்பினுள் யூக்ளிட்டின் வடிவம் உறைந்திருக்கிறது.

ஒழுங்கு ஐங்கோணத்தின் மூலைவிட்டத்தை அதன் பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது பொன் விகிதமே. ஐந்து மூலைவிட்டங்களையும் வரைந்தால் ஐந்துமுனை விண்மீன் தோன்றும். அவ்விண்மீனில் ஒரு கோடு மற்றொரு கோட்டை வெட்டும் இடமெல்லாம் அதே விகிதத்தில் அமைகிறது. நடுவில் மற்றொரு சிறிய ஐங்கோணம் தலைகீழாக நிற்கும். அதனுள் மற்றொரு விண்மீன் வரையலாம். இவ்வாறு முடிவின்றித் தொடரலாம். மார்கழியில் வீட்டு வாயில்களில் தொங்கும் காகித விண்மீன் விளக்கும் இவ்விதிக்கு உட்பட்டதே.

மாத்திரையில் பிறந்த எண்தொடர்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். மெய்யெழுத்துகளின் அரைமாத்திரையைக் கணக்கில் கொள்ளாது, குறிலையும் நெடிலையும் மட்டும் கொண்டு குறிப்பிட்ட மாத்திரை அளவை எத்தனை வகையில் நிரப்பலாம் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான கணக்காகும்.

ஒரு மாத்திரையை நிரப்பக் குறில் ஒன்றே வழி. இரண்டு மாத்திரைக்குக் குறில்–குறில், நெடில் என இரண்டு வழிகள். மூன்று மாத்திரைக்குக் குறில்–குறில்–குறில், குறில்–நெடில், நெடில்–குறில் என மூன்று வழிகள். நான்கு மாத்திரைக்கு ஐந்து வழிகள். ஐந்து மாத்திரைக்கு எட்டு. ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று.

1, 2, 3, 5, 8, 13 எனச் செல்லும் இவ்வெண்கள் ஏன் இவ்வாறு அமைகின்றன? ஆறு மாத்திரை கொண்ட எவ்வமைப்பும் குறிலில் முடியும் அல்லது நெடிலில் முடியும். குறிலில் முடிந்தால் அதற்கு முன் ஐந்து மாத்திரை இருக்கும். அதற்கு எட்டு வழிகள். நெடிலில் முடிந்தால் அதற்கு முன் நான்கு மாத்திரை இருக்கும். அதற்கு ஐந்து வழிகள். இரண்டையும் கூட்டினால் பதின்மூன்று. எனவே, ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ஆகிறது.

தமிழ் யாப்பு அசையை அடிப்படையாகக் கொண்டது. வடமொழி, பிராகிருத யாப்புகளிலோ மாத்திரை எண்ணிக்கையால் அமையும் செய்யுள் வகைகள் பல உண்டு. அவற்றை ஆராய்ந்த விரகாங்கர் இவ்விதியைக் கூறினார். ஏறத்தாழ 1150ஆம் ஆண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரரும் இதனை விளக்கினார். இத்தாலியின் பைசா நகரத்து லியனார்டோ, 1202இல் எழுதிய நூலில் முயல்களின் பெருக்கத்தைக் கணக்கிடும்போது இதே தொடரை எட்டினார். ‘ஃபிபனாச்சி’ என்னும் அவருடைய பெயரே இன்று உலக வழக்காகிவிட்டது.

இத்தொடருக்கும் பொன் விகிதத்திற்கும் உள்ள உறவு வியப்பளிப்பது. அடுத்தடுத்த எண்களை வகுத்தால் 8 ÷ 5 = 1.6; 13 ÷ 8 = 1.625; 21 ÷ 13 = 1.615…; 34 ÷ 21 = 1.619…; 89 ÷ 55 = 1.618… எனக் கிடைக்கும். ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் அவ்வகுத்தல் பொன் விகிதத்தை நெருங்கிக்கொண்டே செல்கிறது. ஒருபோதும் அதனைத் தொடுவதில்லை.

பனைக்கு மூன்று, தென்னைக்கு ஐந்து

தமிழகத்தின் மாநில மரமான பனை, மழை குறைந்த கரிசலிலும் செம்மண் மேட்டிலும் நின்று வாழ்வளிப்பது. வளரும் வடலியின் தண்டில் வெட்டுண்ட மட்டைகளின் அடிப்பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை தாறுமாறாக நிற்பதில்லை; சுருள் சுருளாகத் தண்டைச் சுற்றி ஏறுகின்றன.

இச்சுருள்களைப் பொறுமையோடு எண்ணியவர் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர் டி. ஏ. டேவிஸ். பனைக் குடும்ப மரங்களின் இலைச்சுருள்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1971இல் வெளிவந்தது. கமுகில் தெளிவாகத் தெரியும் சுருள் ஒன்று, பனையில் மூன்று, தென்னையில் ஐந்து, எண்ணெய்ப் பனையில் எட்டு என அவர் பதிவுசெய்தார். நான்கு, ஆறு, ஏழு ஆகிய எண்ணிக்கையில் தெளிவான சுருள்கள் கொண்ட பனையினம் எதனையும் அவர் காணவில்லை. மாத்திரைக் கணக்கில் தோன்றிய எண்களே மரத்தின் தண்டிலும் தோன்றுகின்றன.

சூரியகாந்தியின் பூத்தலையில் விதைகள் இடப்புறமாகவும் வலப்புறமாகவும் சுழலும் இருவகைச் சுருள்களாக அமைகின்றன. ஒருபுறம் 34, மறுபுறம் 55 என்றோ, ஒருபுறம் 55, மறுபுறம் 89 என்றோ அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் இருக்கும்.

இயற்கை ஏன் இதனைத் தேர்கிறது?

செடிக்குக் கணக்குத் தெரியாது. இடம் மட்டுமே தெரியும். வளர்நுனியில் ஒவ்வொரு புதிய இலையும், முன்பு தோன்றிய இலைகளின் நெருக்கடி மிகக் குறைந்த இடத்தில் அரும்புகிறது. அடுத்தடுத்த இலைகளுக்கு இடையே வட்டத்தின் கால்பங்குக் கோணம் இருந்தால் ஐந்தாம் இலை முதல் இலைக்கு நேர்மேலே நிற்கும். நான்கு வரிசைகளில் நெருக்கமும் அவற்றினிடையே வெற்றிடமும் உண்டாகும். வட்டத்தின் எந்தப் பின்னப்பகுதியைக் கோணமாகக் கொண்டாலும், விரைவிலோ தாமதமாகவோ, இதே நிலை நேரும்.

360 பாகையைப் பொன் விகிதத்தின் இருமடியாகிய 2.618ஆல் வகுத்தால் ஏறத்தாழ 137.5 பாகை கிடைக்கும். இக்கோணத்தில் அரும்பும் இலைகளுள் எதுவும் மற்றொன்றிற்கு நேர்மேலே நிற்பதில்லை. எளிய பின்னங்களால் மிகக் கடினமாக நெருங்கப்படும் எண் பொன் விகிதமே ஆதலால், இடத்தை வீணாக்காத பங்கீடு இக்கோணத்தில் அமைகிறது.

1992இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் தூவாதி, கூதே ஆகியோர் இதனைச் செடியே இல்லாமல் நிகழ்த்திக் காட்டினர். ஒன்றையொன்று விலக்கும் காந்த நீர்மத் துளிகளைச் சீரான இடைவெளியில் ஒரு தட்டின் நடுவில் விழச் செய்தனர். துளிகள் தாமாகவே விலகி, 137.5 பாகையை ஒட்டிய கோணத்தில் சுருள்களாக அமைந்தன. விலகலும் வளர்ச்சியும் சேர்ந்தால் இவ்வமைப்புத் தோன்றும் என்பது இதனால் தெளிவாயிற்று.

எனினும், இஃது எல்லாச் செடிக்கும் பொருந்தும் மாறா விதியன்று. இங்கிலாந்தில் பொதுமக்கள் வளர்த்த சூரியகாந்திகளின் பூத்தலைகளைக் கணக்கெடுத்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பெரும்பான்மையானவை ஃபிபனாச்சி எண்களைக் காட்டின. விலகி நின்றவையும் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தன. விலக்குகளையும் மறைக்காமல் எண்ணியதே அவ்வாய்வின் சிறப்பு.

சென்னையிலிருந்து சென்ற கடிதம்

பொன் விகிதத்தைத் தொடர்பின்னமாக எழுதினால் அதன் எளிமை விளங்கும். ஒன்றுடன், ஒன்றின் கீழ் ஒன்றைக் கூட்டி, அதன் கீழும் அவ்வாறே கூட்டி முடிவின்றிச் சென்றால் பொன் விகிதம் கிடைக்கும். ‘ஒன்று’ என்னும் இலக்கத்தைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை.

1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுசன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் ஒன்று எழுதினார். அதனுடன் இணைத்த தேற்றங்களுள், அடுக்கடுக்காகச் சுருங்கும் உறுப்புகளைக் கொண்ட தொடர்பின்னங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் மதிப்பில் (1 + √5) ÷ 2, அதாவது பொன் விகிதம் இடம்பெற்றிருந்தது. அத்தகைய தேற்றங்களை அதற்குமுன் தாம் கண்டதில்லை என்றும், அவை மெய்யாகவே இருக்கவேண்டும், ஏனெனில் பொய்யாகப் புனையும் கற்பனை யாருக்கும் இராது என்றும் ஹார்டி பின்னாளில் கருத்துரைத்தார். அத்தொடர்பின்னம் இன்று ரோஜர்ஸ்–இராமானுசன் தொடர்பின்னம் எனப்படுகிறது.

கலையில் பொன் விகிதம்

1509இல் இத்தாலிய அறிஞர் பச்சோலி இவ்விகிதத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு லியனார்டோ டாவின்சி வடிவியல் படங்கள் வரைந்தார். 20ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே இதனை அடிப்படையாகக் கொண்டு ‘மாடுலர்’ என்னும் அளவுமுறையை உருவாக்கினார். 183 செ.மீ. உயரமுள்ள மனித உருவத்திலிருந்து 113, 70, 43 எனப் பொன் விகிதத்தில் இறங்கும் அளவுகள் அதில் உள்ளன. சண்டிகர் நகரக் கட்டடங்களை வடிவமைக்கையில் அம்முறையை அவர் கையாண்டார். இவை கலைஞர் அறிந்தே பயன்படுத்தியதற்குச் சான்றுள்ளவை.

சான்றில்லாத கூற்றுகளும் பல. ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயில் பொன் விகிதத்தில் கட்டப்பட்டது என்பர். கட்டியோர் அவ்வாறு குறித்துவைத்த எழுத்துச்சான்று எதுவுமில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 11 நிலைகள் கொண்டது. மூன்று, ஐந்து என்னும் நிலை எண்ணிக்கைகள் ஃபிபனாச்சி எண்களாக இருக்கலாம். ஆனால் ஏழு, ஒன்பது, பதினொன்று ஆகியவை அவ்வாறல்ல. கோபுர நிலைகள் ஒற்றைப்படை எண்ணில் அமைவது வேறொரு மரபு.

தமிழகச் சிற்பிகளின் அளவுமுறை ‘தாலம்’ எனப்படும். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உருவின் உயரத்தை முழு எண்களில் பகுப்பது அது. ஒன்பது தாலத்திற்கு 108 அங்குலமும் உத்தம தசதாலத்திற்கு 124 அங்குலமும் கணக்கு. கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி உருவாக்கிய திருவள்ளுவர் சிலையின் அளவும் இங்கு எண்ணத்தக்கது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடத்தின்மீது, பொருள், இன்பம் ஆகியவற்றின் 95 அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடிச் சிலை நிற்கிறது. 95 ÷ 38 = 2.5. அங்கே பொன் விகிதம் இல்லை. குறளின் அமைப்பே அளவாகியுள்ளது. அதனால் அச்சிலையின் மாட்சி குறைந்துவிடவில்லை.

சிவகாசியின் சக்கரமும் தாளும்

தீபாவளி இரவில் சுழலும் தரைச்சக்கரத்தைப் பொன் சுருள் எனக் கூறலாமா? மருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாய் மையத்தைச் சுற்றி நெருக்கமாகச் சுருட்டப்படுகிறது. எனவே, ஒவ்வொரு சுற்றிலும் கூடுவது குழாயின் தடிப்பு அளவே. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாத இவ்வடிவம் ஆர்க்கிமிடீசு ஆராய்ந்த சுருள். பொன் சுருளோ ஒவ்வொரு கால்சுற்றிலும் 1.618 மடங்காக விரியும். ஒரு முழுச்சுற்றில் ஏறத்தாழ 6.85 மடங்காகிவிடும். முன்னது கூட்டலால் வளர்வது. பின்னது பெருக்கலால் வளர்வது.

சிவகாசி அச்சகங்களில் புழங்கும் ஏ4 தாளையும் பொன் செவ்வகம் என்று கூறுவோர் உளர். அதன் அளவு 210 × 297 மில்லிமீட்டர், விகிதம் 1.414, அதாவது √2. ஜெர்மனி 1922இல் தரப்படுத்திய இவ்வளவுமுறையில், தாளை இரண்டாக மடித்தாலும் அதன் விகிதம் மாறாது. எனவே வெட்டும்போது தாள் வீணாவதில்லை. பொன் செவ்வகத்தின் பண்பு வேறு. அதிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி நீக்கினால் எஞ்சுவது மீண்டும் பொன் செவ்வகமாக இருக்கும். அழகிய பண்புதான், ஆனால் நாட்காட்டி அச்சிடுவோர்க்கு மடிப்பே தேவை. எந்த விகிதம் சிறந்தது என்பதைத் தொழிலே முடிவுசெய்கிறது.

விகிதம் பிழைத்தால்

மானாவாரி நிலத்தின் வறட்சி வேறு பிழைப்பைத் தேடவைத்த காலத்தில், 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் பெருகி, ‘குட்டி ஜப்பான்’ என்னும் பெயரை அவ்வூருக்கு ஈட்டித் தந்தன.

பட்டாசு மருந்து என்பது விகிதத்தால் ஆனது. எரிபொருளும் அதனை எரியச் செய்யும் உப்பும் நிறமூட்டும் உப்பும் எடைப்படி சேரவேண்டும். அளவு மிகின் ஆபத்து, குறையின் பயனின்மை. ஓர் அறையில் எத்தனை பேர் பணிபுரியலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றை வெடிபொருள் விதிகள் எண்ணால் வரையறுக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய நாள்களை நினைவில் கொண்ட மண்ணில், அவ்வெண்கள் வெறும் இலக்கங்களல்ல. 2018இல் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின், காற்றுமாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கான புதிய கலவை விகிதங்களும் ஆய்வகங்களில் உருவாக்கப்பட்டன.

ஓவியத்தின் சட்டம் 1.618க்குப் பதிலாக 1.5 ஆக இருந்தால் ஒருவருக்கும் தீங்கில்லை. மருந்து நிறுக்கும் தராசில் அவ்வாறன்று. ஆயினும் இரண்டிற்கும் தேவைப்படும் பழக்கம் ஒன்றே. பிறர் கூறினர் என்பதால் ஏற்காமல், கண்ணுக்கு இனியது என்பதால் நம்பாமல், அளந்து அறியும் பழக்கம் அது. பனையின் சுருளை எண்ணிய கையும், சிலைக்குத் தாலம் குறித்த கையும், கலவையை நிறுக்கும் கையும் அப்பழக்கத்தாலேயே நம்பத்தக்கவை ஆகின்றன.

கற்பவை கற்றபின்...

1. ஏழு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம் எனக் கணக்கிட்டு, காரணத்தை விளக்குக.
2. உங்கள் ஊரில் உள்ள வடலி அல்லது தென்னையின் தண்டில் தெரியும் மட்டைச் சுருள்களை எண்ணிப் பதிவுசெய்க. எண்ணிக்கை எதிர்பார்த்ததினின்று மாறுபட்டால் அதனையும் உள்ளவாறே எழுதுக.
3. பாடநூல், நாட்காட்டி, வெற்றுத் தீப்பெட்டி ஆகியவற்றின் நீள அகலங்களை அளந்து விகிதம் காண்க. அவற்றுள் பொன் விகிதத்திற்கும் √2க்கும் அருகில் உள்ளவற்றை வகைப்படுத்துக.
4. ‘அழகுக்கு அளவு உண்டு’, ‘அழகு அளவில் அடங்காது’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.